மயங்கிய சாரதியும் மறைத்த சொல்லும்

நோயைக் கண்டறிதற்கு வைத்தியர் கையாளும் கருவிகள் பல. ஆயினும் ஒரு நோய் மாத்திரம் பெரும்பாலும் வைத்தியரின் கண்முன் தோன்றுவதில்லை. வந்த வேகத்திலே போய்விடும்; போன பின்னர் தடயம் எதனையும் விட்டுவைப்பதுமில்லை. நோயாளியோ தனக்கு நேர்ந்ததைத் தானே காணாதவர். அருகிருந்து கண்டவர் எவரேனும் உளராயின் அவர் சொல்லே சான்று. மூர்ச்சை என்று நூல்களும் மயக்கம் என்று உலக வழக்கும் கூறுகின்ற நோயே அது. அம்மயக்கம் வீட்டு விறாந்தையில் வந்தால் ஒரு செம்பு தண்ணீரோடு கதை முடிந்துவிடலாம். காரின் சுக்கானைப் பிடித்திருக்கும்போது வந்தால் என்னாகும்? அதுபற்றி எழுதும் தகுதி எனக்கு வைத்தியக் கல்வியால் வந்ததன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அனுபவம் தந்த தகுதியே இது. அவ்வனுபவத்தில் நான் பெருமைப்படத்தக்க பகுதி மிகச் சிறிது.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத விடுமுறை முடியும் தறுவாயில், என் மகளின் மகனைக் கிளிநொச்சியிலுள்ள அவனது வீட்டிற் கொண்டுபோய் விடுவதற்காக, காலை எட்டு மணியளவில் யாழ்ப்பாணத்திலிருந்து காரிற் புறப்பட்டேன். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. வயிறார உண்டிருந்தேன், முதல்நாள் இரவு நன்றாக உறங்கியுமிருந்தேன். ஆனையிறவில் இருமருங்கும் நீர் பளபளக்க, அதனைக் கடந்து பரந்தனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். தன் பாடசாலையின் உதைபந்தாட்டக் குழுவைப் பற்றி அவன் ஏதோ கூறினான். மறுமொழி சொல்ல நான் வாயெடுத்தது நினைவிருக்கிறது. அடுத்து என் நினைவில் இருப்பது, காரின் முன்பக்கம் வீதியோரத்து மண்ணணையில் ஏறி நிற்க, அவன் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காட்சி. இவ்விரண்டுக்கும் இடையில் எனக்கு ஒன்றுமேயில்லை, கனவுமில்லை, இருளுமில்லை. அவன்தான் சுக்கானை இடப்பக்கம் திருப்பிக் கைப்பிறேக்கை இழுத்தவன். எதிரே வந்த லொறியொன்று ஒலியெழுப்பியவாறு விலகிச் சென்றதாகப் பின்னர் சொன்னான். எங்கள் இருவருக்கும் சிறு சிராய்ப்புத் தவிர வேறு காயமில்லை.

மனித மூளை உடலின் நிறையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. எனினும் இருதயம் செலுத்துகின்ற குருதியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். நாளைக்கென்று சேமித்துவைக்கும் வழக்கம் அதற்கில்லை. குருதியோட்டம் ஆறு முதல் எட்டுச் செக்கன் வரை நின்றாற் போதும், நினைவு அறுந்துவிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகிறது. பத்துச் செக்கன் மயங்கிய சாரதி 170 மீற்றர் தூரம் கண்ணில்லாத வண்டியொன்றை வீதியில் ஓடவிட்டவனாகிறான்.

எனக்கு நேர்ந்தது யாதென்பதற்கு அன்று மாலைக்குள் விடைகள் பல கிடைத்தன. பசிக்களை என்றார் அயலவர் ஒருவர்; நான் உண்டதை அவர் அறியார். நித்திரை தூங்கிவிட்டேன் என்றார் நண்பர். கண்ணூறு என்றாள் என் மனைவியின் தமக்கை. காயத்துக்கு மருந்திட்ட இளம் வைத்தியர், என் கைகள் இரண்டு மூன்று முறை வெட்டியிழுத்தன என்று பேரன் கூறக்கேட்டு, வலிப்பாக இருக்கக்கூடும் என்று ஐயுற்றார். ஐயத்தோடு நில்லாமல் பொது வைத்திய நிபுணர் ஒருவரிடம் அனுப்பியும் வைத்தார். அந்நிபுணர் ஒரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர்.

கேள்விகளே முதற் கருவி

அவர் நாடியைப் பார்த்தார். படுத்திருக்கையிலும், எழுந்து நின்ற பின் மூன்று நிமிடம் வரையிலும் இரத்த அமுக்கத்தை அளந்தார். ஈ.சீ.ஜி. எடுப்பித்தார். இவையெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தன. அதன்பின் கதிரையை என் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கேள்விகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேற் சென்றது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணமிருந்தது என்பதை அவர் பின்னர் விளக்கியபோதே அறிந்தேன்.

மயங்கும்போது நின்றீர்களா, இருந்தீர்களா என்பது முதற் கேள்வி. அதற்குச் சற்று முன் வியர்வை, குமட்டல், கண் மங்குதல் ஏதேனும் உண்டோ என்பது இரண்டாவது. வெயில், நோவு, அச்சம், குருதியைக் காணல் போன்று தூண்டிய காரணம் எதுவும் இருந்ததோ என்பது மூன்றாவது. பாடசாலைக் காலைக் கூட்டத்திலே வெயிலில் நீண்ட நேரம் நின்று, முகம் வெளிறிச் சரியும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். வேகசு என்னும் நரம்பு இருதயத்தின் துடிப்பைத் தணிக்க, அதே வேளையில் குருதிக் குழாய்கள் விரிவடைய, குருதி கால்களில் தேங்கிவிடுவதால் வருவது அது. பிரித்தானிய இருதய வைத்தியர் சேர் தோமஸ் லூயிஸ் 1932ஆம் ஆண்டில் அதன் இயக்கத்தை விளக்கி எழுதினார். மயக்கங்களுள் மிகப் பொதுவானதும் பெரும்பாலும் தீங்கற்றதும் அதுவே. அது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வரும். அறிகுறியை உணர்ந்த சாரதி வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைப்பதுண்டு.

பின்னர் நான் உட்கொள்ளும் குளிசைகளின் பெயர்களைக் கேட்டார். இரத்த அமுக்கத்துக்கும், முதுமையில் சிறுநீர்த் தடைக்கும் கொடுக்கப்படும் மருந்துகள் சில, எழுந்து நிற்கும்போது அமுக்கத்தை வீழ்த்திவிடும். அவ்வீழ்ச்சி 20 அலகோ அதற்கு மேலோ ஆனால் அதனைப் பொருட்படுத்த வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. நீரிழிவுக்கு இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ எடுப்பவர் விரதமிருந்துவிட்டு வண்டியோட்டினால், குருதியிற் சீனி குறைந்து, நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் வந்து நினைவிழப்பர். அத்தகையோர் சீனி கொடுக்காமல் சில செக்கன்களில் தாமாகத் தெளிவதில்லை. நானோ உடனே தெளிந்தேன், நீரிழிவும் எனக்கில்லை.

இரவிற் குறட்டையுண்டோ, பகலில் இருந்தபடியே கண்ணயர்வதுண்டோ என்று வினாவினார். சுக்கானுக்குப் பின்னால் உறங்கியவரைப் பலர் மயங்கியவரென்றும், மயங்கியவரை உறங்கியவரென்றும் மயங்குவர். தொடர்ந்து இருமினேனோ என்று கேட்டார். கடும் இருமற் தொடரின் முடிவில் நினைவிழப்போர் உளர். கழுத்துப்பட்டை இறுக்கமாக இருந்ததோ, தலையைத் திருப்பிப் பின்னாற் பார்த்தேனோ என்றும் கேட்டார். கழுத்தின் பெருநாடி கிளைவிடும் இடத்திலே அமுக்கத்தை உணரும் நரம்பு முடிவுகள் உள்ளன. சிலருக்கு அவ்விடம் மிகைகூர்மை உடையதாகிவிடும்; காரைப் பின்னோக்கிச் செலுத்தத் தலையைத் திருப்பும்போதே அவர்கள் மயங்கிவிடலாம். குடும்பத்தில் இள வயதிற் சடுதியாக இறந்தவர் எவருமுண்டோ என்று கேட்டதும் வீண் கேள்வியன்று. பரம்பரையாக வரும் இருதய நோய்கள் சில அவ்வாறு தம்மை அறிவிக்கும்.

அதன்பின் என்னை விட்டுவிட்டுப் பேரனை நோக்கித் திரும்பினார். “தம்பி, நீர் கண்டதை ஒன்றும் விடாமற் சொல்லும்” என்றார்.

“கதைச்சுக்கொண்டிருக்கேக்க அம்மப்பா சத்தமில்லாமல் சரிஞ்சிட்டார். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. கை ரெண்டு மூண்டு தரம் வெட்டினது. நான் உலுக்க முழிச்சார். முழிக்கேக்க முகம் நல்லாச் சிவந்து போச்சுது. உடனேயே ‘கார் ஏன் நிக்குது’ எண்டு என்னைக் கேட்டார்” என்றான் அவன்.

வைத்தியர் இதனை அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டார். வலிப்பாயின் தெளிந்த பின்னும் பல நிமிடங்கள் குழப்பம் நீடிக்கும். நாவின் பக்கவாட்டிற் கடிகாயம் இருத்தல் கூடும். கை வெட்டியிழுத்தல் மாத்திரம் வலிப்புக்குச் சான்றாகாது. 1994ஆம் ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளர் சிலர், உடல்நலமுள்ள இளைஞர்களை அவர்தம் சம்மதத்தோடு மயங்கச் செய்து படம்பிடித்தபோது, முற்றாக மயங்கியோரிற் பத்துக்கு ஒன்பது பேரிடம் அத்தகைய வெட்டுக்கள் காணப்பட்டன. மூளைக்குக் குருதி குன்றினாலும் கை வெட்டும் என்பது அதனாற் பெறப்படும்.

இறுதியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “சேர், இதற்கு முன்னர் எப்போதாவது இப்படி வந்ததுண்டா?”

வந்ததுண்டு. மூன்று கிழமைக்கு முன்னர், நூல்நிலையத்து வாசிப்பறையிலே, மின்விசிறியின் கீழ்க் கதிரையில் இருந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது வந்தது. விழித்தபோது பத்திரிகை நிலத்திற் கிடந்தது. கண்ணயர்ந்துவிட்டேன் என்று பக்கத்திலிருந்தவர் நகைத்தார். நானும் நகைத்தேன். அது தூக்கமன்று என்பது அப்பொழுதே என் உள்ளத்துக்குத் தெரியும்.

வைத்தியரிடம் நான் சொன்னது வேறு. “திருவிழாவுக்குப் போனபோது வெயிலிலும் சனநெரிசலிலும் நின்று ஒருமுறை தலை சுற்றியது” என்றேன். கதிரையிலிருந்து மயங்கினேன் என்றால் அது நோயாகத் தோன்றும். கோயில் வீதியில் நின்று மயங்கினேன் என்றால் அது எவருக்கும் வரக்கூடியதாகத் தோன்றும். கார்த் திறப்பைக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சமே அந்த இடமாற்றத்தைச் செய்தது. அவர் என் சொல்லை நம்பினார். ஆசிரியரின் சொல்லல்லவா? பொதுவான மயக்கமாக இருக்கலாம் என்றும், ஈ.சீ.ஜி.யிற் காணப்படும் சிறு தாமதம் இவ்வயதிற் பலரிடம் உள்ளதே என்றும், இரண்டு கிழமையில் மீண்டும் வரும்படியும், அதுவரை காரோட்ட வேண்டாமென்றும் கூறி அனுப்பினார்.

கிளாஸ்கோ நகரில் நடந்தது

ஸ்கொத்லாந்திலே வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் செய்தி கேள்வியுற்று, அன்றிரவு தொலைபேசியிற் சுகம் விசாரித்தார். பேச்சுவாக்கில், கிளாஸ்கோ நகரில் நடந்த ஒரு விபத்தைக் கூறினார். அதுபற்றிய விசாரணைச் செய்திகளை மறுநாள் தேடிப் படித்தேன்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள். நத்தார்ப் பண்டிகைக்குப் பொருள் வாங்குவோர் நிறைந்திருந்த நகர மையத்திலே, நகரசபையின் குப்பை லொறியைச் செலுத்திவந்த சாரதி நினைவிழந்தார். லொறி ஏறக்குறைய 19 செக்கன் கட்டுப்பாடின்றி ஓடி, ஜோர்ஜ் சதுக்கத்தருகே விடுதியொன்றின் சுவரில் மோதி நின்றது. பாதசாரிகள் ஆறு பேர் உயிரிழந்தனர். பதினைந்து பேர் காயமடைந்தனர். சாரதி மோதலின் பின் நினைவு திரும்பி, என்ன நடந்ததென்று அறியாதிருந்தார்.

2015ஆம் ஆண்டு நடைபெற்ற விசாரணையில் வேறொன்று வெளிப்பட்டது. அச்சாரதி 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, அப்போது தாம் செலுத்திய பஸ் தரிப்பிடத்தில் நின்றவேளை, சாரதி ஆசனத்தில் இருந்தபடியே ஒருமுறை மயங்கியிருந்தார். வைத்தியரிடமோ, சிற்றுண்டிச்சாலையில் மயங்கியதாகக் கூறியிருந்தார். வெக்கையான சிற்றுண்டிச்சாலையிலே வந்த மயக்கம் என்று கேட்ட வைத்தியர்கள் அதனைத் தீங்கற்றதென்று கொண்டனர். பின்னர் வேலைக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் நிரப்பிய படிவங்களிலும் அது மறைக்கப்பட்டது. அவர் வைத்தியர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்விபத்து நேராதிருந்திருக்கக்கூடும் என்று விசாரணை செய்த நீதிபதி அவ்வாண்டு டிசம்பரில் முடிபு கூறினார்.

சிற்றுண்டிச்சாலை என்ற சொல்லை வாசித்தபோது என் கை நடுங்கியது. அவர் ஆசனத்தைச் சிற்றுண்டிச்சாலை ஆக்கினார். நான் கதிரையைக் கோயில் வீதி ஆக்கினேன். அவருக்கும் எனக்கும் வேற்றுமை யாதெனின், என் பக்கத்து ஆசனத்திற் கைப்பிறேக்கை இழுக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தான் என்பதே. மூன்று கிழமைக்கு முன் வந்ததை அறிந்துகொண்டே அப்பிள்ளையை அக்காரில் ஏற்றியவனும் நானே.

இருந்த இடத்தில் வந்த மயக்கம்

விடிந்ததும் வைத்தியரின் வாசலில் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “நின்றபடி வந்ததா, இருந்தபடி வந்ததா என்பதுதானே சேர், நான் முதலில் கேட்டதே” என்றார். அன்றே என்னை வைத்தியசாலையில் அனுமதித்தார்.

இருந்தபடி, முன்னறிவித்தலின்றி, இரண்டு முறை வந்த மயக்கம் இருதயத்தைச் சுட்டுகிறது. நேற்றுப் பொருளற்றதாயிருந்த ஈ.சீ.ஜி.யின் சிறு தாமதம் இன்று பொருளுடையதாயிற்று. பேரன் கண்ட வெளிறலும் சிவப்பும் அப்படியே. இருதயம் சில செக்கன் நின்றுவிட்டால் முகம் வெளிறும். மீண்டும் துடிக்கத் தொடங்கும்போது குருதி பாய்ந்து முகம் சிவக்கும். டப்ளின் நகரத்து வைத்தியர்களாகிய றொபேட் அடம்ஸ் 1827ஆம் ஆண்டிலும் வில்லியம் ஸ்ரோக்ஸ் 1846ஆம் ஆண்டிலும், நாடி மிக மெதுவாகத் துடிக்கும் முதியோர்க்கு வரும் இத்தகைய மயக்கத்தை எழுதிவைத்தனர். ஈ.சீ.ஜி. என்னும் கருவி தோன்றாத காலம் அது. விரலால் நாடியைப் பிடித்தும் உடனிருந்தோர் சொல்லைக் கேட்டுமே அவர்கள் அதனை அறிந்தார்கள்.

சாதாரண ஈ.சீ.ஜி. சில செக்கன்களின் கதையை மாத்திரமே சொல்லும். ஆதலால் நாள் முழுவதும் பதிவுசெய்யும் கருவியொன்றை என் மார்பிற் பொருத்தினர். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தைச் சேர்ந்த நோர்மன் ஹோல்ரர் என்னும் அறிஞர் உருவாக்கியது அது. அவர் முதலில் அமைத்த கருவி ஏறக்குறைய 38 கிலோகிராம் நிறையுடையதாய், முதுகிற் சுமக்கவேண்டியதாய் இருந்தது. எனக்குப் பொருத்தியது தீப்பெட்டியிலும் சற்றே பெரிது. முதல்நாட் பதிவில் ஒன்றும் இல்லை. பதிவில் ஒன்றும் இல்லையென்றால் நோயில்லை என்பது பொருளன்று. நோய் அன்று வரவில்லை என்பதே பொருள். ஆண்டுக்கு ஓரிரு முறை மயங்குவோர்க்குத் தோலின் கீழ் வைத்து மூன்று ஆண்டு வரை பதிவுசெய்யும் சிறு கருவிகளும் இன்று உள்ளன. எனக்கு அவ்வளவு காத்திருக்க நேரவில்லை. மூன்றாம் நாள், கட்டிலிற் சாய்ந்திருந்து படித்துக்கொண்டிருந்தபோது, என் இருதயம் ஏழு செக்கன் துடியாதிருந்தது தாளிலே நேர்கோடாகப் பதிவாயிற்று.

அதற்குரிய பரிகாரம் பேஸ்மேக்கர். 1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சுவீடனிலே, நாளொன்றுக்குப் பலமுறை மயங்கிவந்த ஆர்ன லார்சன் என்பவருக்கே முதன்முதலாக அது உடலினுள் வைக்கப்பட்டது. முதற் கருவி சில மணி நேரத்திற் பழுதாயிற்று. எனினும் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகள் மாற்றப்பெற்று, 2001ஆம் ஆண்டு வரை அவர் வாழ்ந்தார். அவர் உடலில் இருந்ததன் வழித்தோன்றல் ஒன்று இன்று என் உடலிலும் இருக்கிறது.

இதனைப் படிப்போர், காரில் வரும் மயக்கமெல்லாம் இருதய நோய் என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தார் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, மயக்கத்துக்காக ஆராயப்பட்ட 3,877 பேரில் 381 பேர் வண்டியோட்டுகையில் மயங்கியவர்கள். அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேருக்கு வந்தது நரம்பின் வழியே வரும் பொதுவான மயக்கமே. இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தால் மயங்கியோர் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர். அச்சிறுபான்மையாரைப் பிரித்தறிவதற்கு வைத்தியரிடம் உள்ள முதற் கருவி நோயாளியின் சொல். அக்கருவியையே நான் பழுதாக்கிக் கொடுத்தேன்.

அனுமதிப்பத்திரம் போய்விடுமென்ற அச்சத்தை நான் அறிவேன். லொறியோட்டிப் பிழைப்பவனுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. என்போன்ற முதியவனுக்கு அது தன்மானப் பிரச்சினை. ஆனால் காரணம் கண்டறியப்பட்டால் திறப்பு மீண்டும் கைக்கு வருவதுமுண்டு. பிரித்தானியாவிலே பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட ஒருவர், வேறு தடை இல்லையாயின், தம் காரை ஒரு வாரத்தின் பின்னர் ஓட்டலாம். லொறி, பஸ் சாரதிக்கு ஆறு வாரம். காரணம் அறியாத மயக்கத்துக்கே நெடுங்காலத் தடை. மறைப்பவன் தன்னை அந்தக் காரணம் அறியாத நிலையிலேயே வைத்திருக்கிறான்.

ஆதலின், மயங்கித் தெளிந்தவர் அன்றே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டியவை சில உள: எங்கே, எந்நிலையில் இருந்தேன், கடைசியாக நினைவிலிருப்பது யாது, முதலில் நினைவு வந்தது யாது, என்ன மருந்து, என்ன உணவு, கண்டவர் யார். கண்டவரையும் வைத்தியரிடம் அழைத்துச் செல்க. அவர் சிறு பிள்ளையாயினும் சரியே.

வீடு திரும்பிய பின்னர் மகளிடமும் பேரனிடமும் நூல்நிலையத்துக் கதையைச் சொன்னேன். மகள் அழுதாள். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்:

“எனக்கு முதலே சொல்லியிருந்தா, அம்மப்பா, நாங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில போயிருக்கலாமே.”

வைத்தியர் அனுமதி தந்துவிட்டார். சந்தைக்கும் நூல்நிலையத்துக்கும் காரிலேயே போய்வருகிறேன். கிளிநொச்சிக்குப் போவதாயின் மாத்திரம், நானும் மனைவியும் இன்றும் பஸ்ஸிலே போகிறோம்.